பரணில் ஒரு தகரப் பெட்டி: உங்க ஊர் வரலாற்றைக் காப்பாற்ற ஸ்கேன் பண்ணா மட்டும் போதுமா?

தங்கத் தகட்டில் எழுதிய ஒரு தமிழ்க் கடிதம் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இருக்கிறது. எழுதியவர் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர். யாருக்கு? டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு. ஆண்டு 1620. தரங்கம்பாடி என்ற சின்ன கடலோர ஊரில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்ய வழிவிட்ட பேச்சுவார்த்தை நடந்த காலத்துக் கடிதம் அது. 400 ஆண்டுகள் கழித்தும் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். ஊரில் தாத்தா வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ளே முத்திரைத்தாள் பத்திரங்கள், கடன் ஓலை, பினாங்கிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ வந்த கடிதங்கள், யார் என்றே தெரியாத நாலு பேர் நிற்கும் ஸ்டூடியோ போட்டோ. அந்தப் பெட்டி அடுத்த போகிக்கு எரியுமா, வீட்டை இடிக்கும்போது பழைய பேப்பர் கடைக்குப் போகுமா, இல்லை யாராவது எடுத்து வைப்பார்களா?

ஒரு ஊரின் வரலாறு என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான். அதைத் தெளிவாகக் காட்டும் ஊர் தரங்கம்பாடி. அங்கிருந்தே தொடங்கலாம்.

தரங்கம்பாடியின் காகிதங்கள் எங்கெல்லாம் இருக்கு?

இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் தரங்கம்பாடி, 1620 முதல் 1845 வரை பெரும்பாலும் டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. 1845-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார்கள். கடலை ஒட்டி நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டை, 1792 என்று பொறித்த நுழைவாயில், ராஜா வீதி எல்லாம் டூரிஸ்ட் போட்டோக்களில் பார்த்திருப்பீர்கள். கோட்டைக்குள் ஒரு சிறிய அருங்காட்சியகமும் உண்டு.

ஆனால் காகிதம் ஊரில் இல்லை. அது மூன்று திசையில் போய்விட்டது.

முதலாவது, கோபன்ஹேகன். கம்பெனியின் கணக்கு, கப்பல் விவரம், கடிதம், வழக்கு எல்லாம் டேனிஷ் தேசியக் காப்பகத்தில் உள்ளன. டேனிஷ் கடல்கடந்த வணிகக் கம்பெனிகளின் ஆவணங்கள் 1997-லேயே யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்ந்துவிட்டன.

இரண்டாவது, ஜெர்மனியின் ஹாலே நகரம். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியாரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய கடிதங்கள், அறிக்கைகள், தமிழ் ஓலைச்சுவடிகள் அங்குள்ள ஃபிராங்கே அறக்கட்டளையில் இருக்கின்றன.

மூன்றாவது, சென்னை எழும்பூர். ஊரை விற்றபோது இங்கேயே தங்கிவிட்ட டேனிஷ் ஆவணங்களில் ஒரு பகுதி தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

சீகன்பால்கு என்றதும் அச்சகம்தான் ஞாபகம் வரும். 1715-ல் தரங்கம்பாடியில் அவர் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு பிரபலம். பக்கத்தில் பொறையாறில் காகிதம் செய்யவே ஒரு பட்டறை போட்டார்கள். அவர் செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தமிழ் எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பிச் சுவடிகளை வாங்கவும் பிரதி எடுக்கவும் செய்தார். 1708-ல் தன்னிடம் சேர்ந்த நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் 119 தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் எதைப் பற்றியது, எப்படிப்பட்டது என்றும் எழுதினார். இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள்: பட்டியல். பின்னால் வரும்.

அப்போ எது இல்லை?

ஊர்க்காரர்களின் குரல்.

1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவருடன் இருந்த கிரண்ட்லரும் தமிழர்களிடம் நிறையக் கேள்விகளை எழுத்தில் அனுப்பினார்கள். திருமணம் எப்படி நடக்கும், வைத்தியம் எப்படி, பஞ்சம் ஏன் வருகிறது, கடவுளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற மாதிரியான கேள்விகள். தமிழர்கள் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். மொத்தம் 99 கடிதங்கள். 300 ஆண்டுகளுக்கு முந்தைய சாதாரணத் தமிழர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே விளக்கி எழுதியவை. நினைத்துப் பார்த்தால் சிலிர்க்கும்.

ஆனால் இன்று அவற்றை நாம் படிப்பது ஜெர்மன் மொழிபெயர்ப்பில். ஹாலேயில் அச்சானது அந்த மொழிபெயர்ப்புதான். தமிழில் எழுதிய மூலக் கடிதங்கள் நம் கைக்கு வரவில்லை. நம்ம ஆள் தமிழில் எழுதியதை, ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, நாம் மறுபடி தமிழில் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கம்பெனிக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள் என்பதால் அவர்கள் பக்கம் தப்பிக்கவில்லை. ஒவ்வொரு காசுக்கும் தலைமையிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதனால் எழுதினார்கள், நகல் எடுத்தார்கள், கப்பலில் அனுப்பினார்கள், வரிசை எண் போட்டு அடுக்கினார்கள். ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு அமைப்பு இல்லை. கம்பெனிப் பதிவுகளில் அவர்கள் கடன் வாங்கியவராக, வழக்குப் போட்டவராக, வேலைக்காரராக வருகிறார்கள். எழுதிய கை வேறொருவருடையது.

உள்ளூரில் இருப்பதைக் கடலும் விட்டு வைப்பதில்லை. தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலில் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பாண்டியர் கல்வெட்டு உண்டு. ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்று அதிலிருந்துதான் தெரிகிறது. அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியும் இந்தக் கரையைத்தான் தாக்கியது. கல்லுக்கே இந்த நிலை என்றால், மீனவர் வீட்டுப் பெட்டியில் இருந்த காகிதத்துக்கு?

நம்ம ஊர்ல அப்படி என்ன பெருசா இருக்கப்போகுது?

நிறைய பேர் சொல்வது இதுதான். "எங்க ஊர்ல கோட்டையும் இல்ல, ராஜாவும் இல்ல." ஆனால் வரலாற்று ஆய்வாளர்கள் இன்று தேடுவது ராஜா எழுதியதை மட்டும் இல்லை.

ஒரு உதாரணம். 2004-ல் பிரிட்டிஷ் நூலகம் அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைக் காக்க ஒரு நிதித் திட்டம் தொடங்கியது. அதன் கீழ் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழகக் கிராமங்களில் ஒரு தேடல் நடத்தியது. தேடியது ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளை. சுமார் 1870 முதல் 1940 வரையிலானவை. கோர்ட்டுக்குப் போகாமல் ஊரிலேயே தீர்த்துக்கொண்ட சண்டை, பாகப்பிரிவினை, கோயில் மரியாதை யாருக்கு என்ற தகராறு. இவை அரசு அலுவலகத்தில் கிடைக்காது. குடும்பங்களின் வீட்டில்தான் இருந்தன. அசலை வீட்டிலேயே விட்டுவிட்டு, டிஜிட்டல் நகல் மட்டும் எடுத்தார்கள். பழைய ஸ்டூடியோ போட்டோக்களுக்கும் இதே மாதிரி தனித் தேடல் நடந்தது.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் பரம்பரையாக வந்த கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை அரசு 1980-ல் ஒழித்தது. அதற்குப் பிறகுதான் இன்றைய விஏஓ. பதவி போனது, ஆனால் அந்தக் குடும்பங்களின் வீட்டில் பழைய கணக்குக் கட்டுகள் பல இடங்களில் தங்கிவிட்டன. எந்த நிலம் ஏரி, எது மேய்ச்சல் நிலம், எந்த வாய்க்கால் எங்கே போனது என்ற விவரம் அதில் இருக்கும். இன்று நீர்நிலை ஆக்கிரமிப்பு பற்றிப் பேசும் எவருக்கும் அது பழங்கதை இல்லை.

சரி, எதையெல்லாம் தேடலாம்? பத்திரம், ஓலை, பள்ளிக்கூடத்து ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்கத்துப் பேரேடு, நாடக நோட்டீஸ், திருவிழாப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, வெளிநாட்டுக் கடிதம், ஸ்டூடியோ நெகட்டிவ், ரேஷன் கார்டு, தொழிற்சங்கத் துண்டறிக்கை, படி, மரக்கால், தறிச் சாமான். 'இதெல்லாம் குப்பை' என்று தோன்றுகிறதா? அடுத்து வருபவரைப் பாருங்கள்.

ஒரு போர்டு எழுதும் ஓவியர் என்ன செய்தார்?

காரைக்குடி பக்கத்தில் கோட்டையூர். அங்கே பிறந்த முத்தையா, சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தார். அவரது கலைக்கூடத்தின் பெயரால் 'ரோஜா' முத்தையா ஆனார். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் வாங்கத் தொடங்கியவர், நிறுத்தவே இல்லை. புத்தகம், பத்திரிகை மட்டும் இல்லாமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என மற்றவர்கள் தூக்கிப் போடுவதையும் சேர்த்தார். சொந்த ஊரான கோட்டையூருக்குக் கொண்டுபோய் அடுக்கினார். தேடி வந்த ஆய்வாளர்களுக்குத் திறந்தும் விட்டார்.

1992-ல் அவர் இறந்தபோது சுமார் 1 லட்சம் பொருட்கள் சேர்ந்திருந்தன. இந்த மாதிரிச் சேகரிப்புகள் இந்தக் கட்டத்தில்தான் உடையும். சேர்த்தவர் போனதும் வீட்டுக்கு அது சுமை. இடம் வேண்டும், பூச்சி மருந்து வேண்டும், ஆள் வேண்டும். இங்கே சிகாகோ பல்கலைக்கழகம் குடும்பத்திடமிருந்து தொகுப்பை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்கு எடுத்துப்போகவில்லை. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அசல் இங்கே, மைக்ரோஃபிலிம் நகல் அங்கே. இன்று தமிழ் அச்சு வரலாறு, சினிமா, இசை, சமையல் என எதை ஆராய்பவரும் தரமணிக்கு ஒருமுறை போயாக வேண்டும்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, எது முக்கியம் என்று அந்த நேரத்தில் தீர்மானிக்க முடியாது. 1940-ம் ஆண்டு நாடக நோட்டீஸை அன்று யாரும் 'ஆவணம்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு, தனி ஆளின் ஆர்வம் அவரோடு முடியாமல் இருக்க ஒரு நிறுவனம் தேவை.

ஒரு போட்டோ நடராஜரைத் திருப்பிக் கொண்டு வந்தது எப்படி?

காகிதம் சரி, பொருள்? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர் கால நடராஜர் சிலை திருடுபோனது. 2008-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள தேசியக் காட்சிக்கூடம் அதைச் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர். சிலையுடன் வந்த உரிமைக் காகிதங்கள் போலி.

அது ஸ்ரீபுரந்தான் நடராஜர்தான் என்று எப்படி நிரூபித்தார்கள்? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அதில் இந்தச் சிலையும் கோயில் பெயரோடு இருந்தது. படத்தையும் காட்சிக்கூடச் சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தழும்புகூட ஒத்துப்போனது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து சிலையைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் போட்டோ வெறும் 'நடராஜர் சிலை, தமிழ்நாடு' என்று இருந்திருந்தால்? பிரயோஜனமே இல்லை. எந்தக் கோயில் என்று எழுதியிருந்ததுதான் வழக்கைத் திருப்பியது. இந்த இடத்தில்தான் நம்ம மெயின் பாயின்ட் வருகிறது.

ஸ்கேன் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதா?

இல்லை. பாதிதான் முடிந்தது.

தரங்கம்பாடியை விற்ற அதே டென்மார்க், கரீபியனில் இருந்த தன் தீவுகளை 1917-ல் அமெரிக்காவுக்கு விற்றது. அதன் 100-வது ஆண்டான 2017-ல் அந்தத் தீவுகள் பற்றிய சுமார் 50 லட்சம் பக்கங்களை ஸ்கேன் செய்து இலவசமாக ஆன்லைனில் விட்டது. பெரிய சாதனைதான். ஆனால் பெரும்பாலான பக்கங்கள் பழைய டேனிஷ் கையெழுத்தில் உள்ளன. தீவு மக்கள் பேசுவது ஆங்கிலம். தன் முன்னோர் எந்தத் தோட்டத்தில் அடிமையாக இருந்தார் என்று தேடும் ஒருவருக்குப் படம் கண் முன்னால் இருக்கிறது, படிக்க முடியவில்லை.

நம் வீட்டிலும் இதே கதைதான். ஒரு பத்திரத்தில் 'விய வருஷம் ஆனி மாதம்' என்று எழுதியிருக்கிறது. எந்த ஆண்டு? தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விய என்றால் 1886 ஆகவும் இருக்கலாம், 1946 ஆகவும் இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? முத்திரைத்தாளில் இருக்கும் தலையைப் பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் 1886. ஆறாம் ஜார்ஜ் மன்னர் என்றால் 1946. எழுத்து நல்லா தெரியட்டும் என்று முத்திரையை வெட்டிவிட்டு ஸ்கேன் செய்தால் அந்தத் தடயமே போச்சு. நெல்லை, குமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும். அதோடு சுமார் 825-ஐக் கூட்ட வேண்டும்.

காகிதத்திலேயே இல்லாத தகவலும் உண்டு. போட்டோவில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் பெண் யார்? அந்தக் கடன் எதற்கு வாங்கினார்கள்? 'மேலண்டை வாய்க்கால்' இன்று எந்த பஸ் ஸ்டாப் பக்கம்? இதற்கெல்லாம் பதில் ஊரில் ஒருவரோ இருவரோதான் சொல்ல முடியும். அவர்களுக்கு 80 வயது இருக்கும். பெட்டியை அடுத்த வருஷமும் ஸ்கேன் செய்யலாம். அவர்களை அடுத்த வருஷம் கேட்க முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஆளைக் கேளுங்கள், அப்புறம் மெஷினை எடுங்கள்.

போனை வச்சே எப்படி ஆரம்பிக்கிறது?

1. இருக்கும் நிலையிலேயே ஒரு போட்டோ. பெட்டியைத் திறந்ததும் எதையும் நகர்த்தாமல் எடுங்கள். எதோடு எது சேர்ந்து கிடந்தது என்பதே ஒரு தகவல். ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் அந்தக் கட்டைக் கலைத்துத் தேதி வாரியாக அடுக்காதீர்கள்.

2. பெரியவரிடம் பேச்சைப் பதிவு செய்யுங்கள். போட்டோவைக் கையில் கொடுத்து வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்யுங்கள். அவரிடம் சொல்லிவிட்டுத்தான். 'உங்க வாழ்க்கை வரலாறு சொல்லுங்க' என்றால் பேச்சு வராது. 'இது யாரு பாட்டி?' என்றால் கொட்டும்.

3. வெளிச்சம். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சம் போதும். நேர் வெயிலும் ஃபிளாஷும் வேண்டாம். போனைக் காகிதத்துக்கு நேர் மேலே பிடியுங்கள். அளவு தெரிய ஓரத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள்.

4. ஸ்கேனர் ஆப் ஜாக்கிரதை. பல ஆப்கள் தானாகவே கறுப்பு வெள்ளையாக்கி, ஓரத்தை வெட்டிவிடும். மையின் நிறம், பென்சில் குறிப்பு, முத்திரை எல்லாம் காணாமல் போகும். 'ஒரிஜினல்' அல்லது கலர் மோடில் வையுங்கள். ஃபிளாட்பெட் ஸ்கேனர் கிடைத்தால் காகிதத்துக்கு 300 டிபிஐ, போட்டோவுக்கு 600 டிபிஐ.

5. பின்பக்கமும் எடுங்கள். ஸ்டூடியோ பெயர், ஊர், தேதி எல்லாம் போட்டோவின் முதுகில்தான் இருக்கும்.

6. ஃபைல் பெயர். கேமரா தானாகப் போடும் எண் நாளைக்கு யாருக்கும் புரியாது. ஊர், வீடு, ஆண்டு, வரிசை எண் என்று ஒரே முறையில் வையுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே போடுங்கள். ஊகித்துப் போட்ட ஆண்டு பின்னால் உண்மையாகிவிடும்.

7. ஒரு எக்செல் ஷீட். சீகன்பால்கு 1708-ல் போட்டாரே, அதே பட்டியல். வரிசை எண், என்ன பொருள், யாரிடம் இருக்கிறது, யார் சொன்ன தகவல், என்று சொன்னார், யாருக்குக் காட்டலாம். இந்த ஆறு காலம் போதும்.

8. மூன்று நகல். ஒன்று லேப்டாப்பில், ஒன்று ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் அல்லது கிளவுடில். 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆன்லைன் சேவைகளே மாதக்கணக்கில் முடங்கின. அவ்வளவு பெரிய நூலகத்துக்கே அப்படி என்றால் நம் கூகுள் டிரைவ் மட்டும் எப்படிப் போதும்?

9. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். இல்லாவிட்டால் தரம் குறைந்துவிடும்.

எதைச் செய்யவே கூடாது?

லேமினேஷன். நல்ல எண்ணத்தில் நம் வீடுகளில் அதிகம் செய்யும் தவறு இது. சூட்டில் காகிதம் பாதிக்கும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். துருப்பிடிக்கும் குண்டூசி, ஸ்டேப்ளர் பின் வேண்டாம். ஓலைச்சுவடியைத் துடைப்பது, எண்ணெய் பூசுவது, கரி தடவுவது எல்லாம் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. யூடியூப் பார்த்து இறங்க வேண்டாம். காகிதத்துக்குக் கையுறை தேவையில்லை. கையைக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும். போட்டோ, நெகட்டிவ் என்றால் மட்டும் கையுறை, விரல் ரேகை பதியாமல் இருக்க.

எல்லாத்தையும் நெட்ல போடலாமா?

கூடாது. இதை ஆர்வக்கோளாறில் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பில் யார் யாரைத் தள்ளி வைத்தார்கள், யார் யாருக்குக் கடன், எந்தப் பெண் மீது என்ன பழி என்று பெயரோடு இருக்கும். பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள். சாதி, சொத்துத் தகராறு உள்ள ஆவணத்தை ஊர் குரூப்பில் போட்டால் 100 ஆண்டுச் சண்டை மறுபடி ஆரம்பிக்கும். பாதுகாப்பது வேறு, பகிர்வது வேறு. எல்லாவற்றையும் பாதுகாக்கலாம். பகிர்வதற்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கணும்:

- 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த சிலை, நாணயம், கலைப்பொருட்கள் தொல்பொருள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடி, ஆவணம் என்றால் 75 ஆண்டே போதும். இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும்.
- கடைக்கால் தோண்டும்போது நாணயமோ சிலையோ கிடைத்தால் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே இது பொருந்தும். 'நாங்களே மியூசியம் வைக்கிறோம்' என்று எடுத்துவைப்பது சிக்கல்.
- கடிதம் உங்கள் பெட்டியில் இருக்கலாம். ஆனால் அதில் எழுதியதன் காப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பின் வாரிசுக்கு. எழுதியவர் வாழ்நாளில் வெளியான எழுத்து என்றால், அவர் இறந்து 60 ஆண்டு வரை அது நீடிக்கும். வெளியான போட்டோவுக்கும், எடுத்தவர் இறந்து 60 ஆண்டு.

யாரிடம் போகலாம்?

ஓலைச்சுவடி என்றால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை. பழைய அச்சு நூல், பத்திரிகை, நோட்டீஸ் என்றால் ரோஜா முத்தையா நூலகம். நிலம், கோயில், ஊர் ஆவணம் என்றால் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அல்லது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். பொருள் என்றால் உங்கள் மாவட்ட அரசு அருங்காட்சியகம். காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் மாதிரியான இடங்களில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் உங்கள் நேரம் மிச்சம்.

கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அசல் எங்களிடமே இருக்குமா? டிஜிட்டல் நகல் எங்கள் ஊர் நூலகத்துக்கோ பள்ளிக்கோ ஒரு செட் கிடைக்குமா? ஊரின் பெயர், குடும்பத்தின் பெயர் பதிவில் இருக்குமா? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழில் நூல்களை இழப்பது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பல சுவடிகளுக்கு வேறு நகலே இல்லை. அதற்குப் பல ஆண்டு கழித்து, 2005-ல், தன்னார்வலர்கள் 'நூலகம்' என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கி, ஈழத்து நூல், பத்திரிகை, ஆவணம் என ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யத் தொடங்கினார்கள். பெரும்பாலும் தங்கள் சொந்த நேரத்தில்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? முழு ஊரையும் காப்பாற்ற வேண்டாம். ஒரு பெட்டி, ஒரு பெரியவர், ஒரு மதியம். அந்தப் போட்டோவின் பின்னால் மெல்லிய பென்சிலால் ஒரு பெயர் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். அந்த 99 கடிதங்களை இன்னும் ஜெர்மனில் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பாட்டி சொல்வதையாவது தமிழிலேயே வைத்துக்கொள்வோம்.